நாச்சிமுத்துவின் கறுப்புத் திரை

அறைக் கதவைத் திறந்ததுமே கனிஷ்காவின் முகத்தில் நாற்றம் அடித்தது. மேலே பினாயிலும் ஊதுவத்தியும். அவற்றுக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று. மழைக்காலத்தில் அலமாரிக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்தால் வருமே, அந்த மாதிரி. துப்பட்டாவை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். கட்டிலில் கிடந்தவரின் கண்கள் தன்னையே பார்ப்பதைக் கவனித்ததும் வெட்கப்பட்டு அதைக் கீழே விட்டாள்.

“டிரெயினேஜ் அடைச்சிருக்குன்னு சொல்லுதாங்கக்கா,” என்றாள் நர்ஸ் ஆன்சி. நாகர்கோவில் பக்கத்துப் பெண். சங்ககிரி சாலையில் இருக்கும் அந்தப் பராமரிப்பு இல்லத்தில் போன மாதம்தான் சேர்ந்திருந்தாள். “நான் வந்த நாள்ல இருந்து இந்தத் திரை கறுப்பாத்தான் இருக்கு. இவருக்கு வாயும் இல்ல, திரையும் இல்லன்னா எப்படின்னு நானேதான் உங்க கம்பெனிக்கு ஃபோன் போட்டேன்.”

கட்டிலில் கிடந்தவர் நாச்சிமுத்து. ஒரு காலத்தில் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டிகள் வைத்திருந்தவர். அவருடைய வண்டிகள் ராஜஸ்தான்வரை போய்த் துளை போட்டிருக்கின்றன. மூளைத் தண்டில் ரத்தம் கட்டி விழுந்தபின் உடம்பில் ஒரு விரல்கூட அசையவில்லை. ஆனால் உள்ளே புத்தி தெளிவாக இருந்தது. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் கனிஷ்காவின் நிறுவனம் பேச்சுப்பெட்டி செய்தது. மண்டையோட்டுக்கு அடியில் ஒரு வலை; அதிலிருந்து ஒரு கம்பி; கட்டிலுக்குக் கீழே சோப்புப் பெட்டி அளவில் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். மனதில் ஓடும் சொற்களை அது கால்மாட்டில் மாட்டியிருக்கும் மானிட்டரில் எழுதும். சாவித்திரி எமனிடமிருந்து மீட்டது உயிரை, நாங்கள் மீட்டது பேச்சை என்று விளம்பரத்தில் சொல்வார்கள். அந்த விளம்பரம் கனிஷ்காவுக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

மானிட்டரில் ‘சிக்னல் இல்லை’ என்ற வெள்ளை எழுத்து ஒரு முறை மிதந்து மறைந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

அவள் வழக்கமான வேலையை வழக்கமான வரிசையில் ஆரம்பித்தாள். கேபிளைக் கழற்றிச் சொருகினாள். புதுக் கேபிள் மாற்றினாள். மானிட்டரைத் தன் லேப்டாப்பில் சொருகிப் பார்த்தாள். படம் பளிச்சென்று வந்தது. பையில் வைத்திருந்த சின்ன மானிட்டரைப் பெட்டியில் சொருகினாள், அதுவும் கறுப்பு. கடைசியில் லேப்டாப்பை நெட்வொர்க் கம்பி வழியாகப் பெட்டியோடு இணைத்து, உள்ளே போய் விசாரித்தாள்.

“என்னக்கா சொல்லுது?”

“எனக்கு மானிட்டரே கிடையாதுங்குது.”

“ரெண்டுக்கும் நடுவுல கம்பி இருக்கு, எப்படித் தெரியாமப் போகும்?”

கனிஷ்கா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். “கம்பி மட்டும் பத்தாது ஆன்சி. சொருகினதும் மானிட்டர் தன்னைப் பத்திச் சொல்லும். நான் இன்ன கம்பெனி, இவ்வளவு அகலம், இப்படிப் படம் அனுப்புன்னு. பெட்டி அதைக் காதுல வாங்கினாத்தான் படம் அனுப்பும். சில நேரம் மானிட்டர் சொல்லாது. சில நேரம் நடுவுல கம்பி தின்னுடும். இங்க மானிட்டர் ஒழுங்காத்தான் சொல்லுது. பெட்டிதான் கேக்கமாட்டேங்குது.”

“காது போச்சா?”

“அதைத்தான் பாக்கறேன்.”

திரையை இயக்கும் டிரைவர் மென்பொருள் சரியாக இருந்தது. லினக்ஸின் கருவான கெர்னல் எழும்போது எழுதும் செய்திகளில் எந்தப் புலம்பலும் இல்லை. கெட்டுப்போன இயந்திரம் எப்படியாவது ஒரு இடத்தில் முனகும். இது முனகவே இல்லை. அதுதான் அவளை உறுத்தியது. லினக்ஸ் எழும்போது அதற்குத் தரப்படும் ஒற்றை வரிக் கட்டளையை எடுத்துப் பார்த்தாள். நீளமான வரி. அதன் வால் பக்கத்தில் மானிட்டர் வாசலின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, ‘டி’ என்ற ஒரே ஓர் எழுத்து.

அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

“ஆன்சி, இது ரிப்பேர் இல்ல. இந்த வாசல்ல யார் வந்து நின்னாலும் ஆளே இல்லைன்னு நினைச்சுக்கோன்னு யாரோ எழுதிவெச்சிருக்காங்க. பெட்டி ஓடுது. இவர் பேசறதையெல்லாம் எழுதுது. எழுதி, இல்லாத திரைக்கு அனுப்புது.”

“அப்ப இவர் இவ்வளவு நாளும்…”

“பேசிட்டுத்தான் இருந்திருக்கார்.”

ஆன்சி கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். நாச்சிமுத்துவின் கண்கள் கறுப்புத் திரையில் இருந்தன.

“அதெல்லாம் எங்கயாவது இருக்குமாக்கா? தேடி எடுக்கலாமா?”

“இருக்காது. மனசுல ஓடறதைச் சேமிக்கக்கூடாதுன்னு சட்டம். எழுதின அடுத்த நிமிஷம் அழிஞ்சிடும்.”

அந்த வரியை மாற்ற ரகசியச் சொல் வேண்டும். அது இல்லத்துக்காரர்களிடம் இருக்காது, நிறுவனத்தில்தான் இருக்கும். கனிஷ்கா வெளியே வந்து தன் மேலாளர் சுதர்சனுக்கு ஃபோன் செய்தாள். அவர் இல்லத்தின் பெயரைக் கேட்டதும் ஒரு பெருமூச்சு விட்டார்.

“அதுக்கு உன்னை யாரு அனுப்பினது? கனி, அதை அப்படியே விட்டுட்டு வா. உதிரிபாகம் வரணும்னு சொல்லிடு.”

“சார், பாகம் எதுவும் போகலை. நம்ம ஆபீஸ்ல இருந்து யாரோ…”

“யாரோ இல்லம்மா, நாமதான். குடும்பத்துல கேப்பாங்க. பெட்டியை நிறுத்தினா மாவட்ட அலுவலகத்துக்கு உடனே தகவல் போயிடும், நோயாளியோட பேச்சுரிமை, கேஸ், அது இது. பெட்டி ஓடணும். திரை மட்டும் வேண்டாம். அவ்வளவுதான். யாருக்கும் ஒரு சேதமும் இல்ல.”

“அவருக்கு?”

“அவருக்கு என்ன, முன்னாடியும் பேச முடியாது, இப்பவும் பேச முடியாது.” சாதாரணமாகத்தான் சொன்னார். பின்னால் யாரோ அவரிடம் மதியச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்பது கேட்டது. அவர் தயிர் சாதம் என்றார்.

கனிஷ்கா ஃபோனை வைத்தாள். இந்த ஆளின் கையால் போன தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் வாங்கியிருக்கிறாள்.

இல்லத்தின் மேலாளர் லோகநாதன் தட்டில் டீயோடு தானே வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். “ஏனுங்க மேடம், வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க. இந்தப் புள்ள விவரம் தெரியாம ஃபோன் பண்ணிடுச்சு. புதுசுங்க.”

“எத்தனை ரூம்ல இப்படி இருக்கு?”

“எல்லாக் குடும்பமும் கேக்கறதில்லீங்க. இந்த வராந்தாவுல மட்டும்தான்.” வராந்தாவில் வரிசையாகக் கதவுகள் இருந்தன. “அந்தாளு என்ன பேசுவாருன்னு உங்களுக்குத் தெரியாதுங்க. துடைக்கப் போற பொம்பளைங்க அழுதுட்டு வருவாங்க. நாலு பேரு வேலையை விட்டே போயிட்டாங்க. கடைசியில அந்தப் பொண்ணு, அவரு மகளேதான் வந்து, மூடிருங்கன்னு சொல்லிச்சு. இப்ப பாருங்க, எவ்வளவு அமைதியா ராசா மாதிரி கிடக்கறாரு.”

கனிஷ்கா டீயைத் தொடவில்லை. உள்ளே போனாள். களத்தில் வேலை செய்பவர்களுக்கு என்று நிறுவனம் கொடுத்திருந்த ரகசியச் சொல்லைப் போட்டாள். அதை யாரும் மாற்றியிருக்கவில்லை. வரியின் வாலை வெட்டினாள். பெட்டியை மறுபடி கிளப்பினாள். பச்சை விளக்கு அணைந்து எரிந்தது. மானிட்டர் ஒருமுறை சிமிட்டி, சாம்பல் நிறத்துக்கு வந்தது.

“ஐயா, உங்க திரை வந்துடுச்சு,” என்றாள்.

முதலில் எழுத்துகள் குழம்பி ஓடின. பிறகு நிலைத்தன.

எழுதியது அவளைப் பற்றி. அவள் உடம்பைப் பற்றி. சந்தையில் மாட்டைச் சுற்றிவந்து பார்ப்பவன் போல ஒவ்வொன்றாக. அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த அரை மணி நேரம் அந்தக் கண்கள் எங்கே இருந்தன என்று இப்போது தெரிந்தது. அடுத்து ஆன்சியைப் பற்றி, அவள் நிறத்தையும் சாமியையும் சேர்த்து. பிறகு லோகநாதனின் அம்மாவைப் பற்றி. நிறுத்தம் இல்லை, சாக்கடைக் குழாய் உடைந்தது போலக் கொட்டிக்கொண்டே இருந்தது.

கனிஷ்கா எழுந்து நின்று துப்பட்டாவைச் சரிசெய்தாள். வாசலில் நின்ற லோகநாதன், பார்த்தீங்களா என்பது போல இரண்டு கையையும் விரித்தார்.

“அணைச்சிருங்க மேடம். உங்களுக்கே பொறுக்கலை பாருங்க.”

அவள் குனிந்து லேப்டாப்பை எடுத்தாள். உண்மையிலேயே அணைக்கத்தான் எடுத்தாள். அப்போது ஆன்சி அவள் முழங்கையைப் பிடித்தாள்.

“அக்கா, இருங்க. நடுவுல பாருங்க.”

வசவுகளுக்கு நடுவில், ஒரு கெட்ட வார்த்தைக்கும் இன்னொன்றுக்கும் இடையில், ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. *முதுகு*. கொஞ்சம் தள்ளி மறுபடி *முதுகு*. *தின்னுது*. ஒரு வசவு. *உள்ள ஊருது*. *முதுகு*.

“நான் மருந்துக்குத்தான் வருவேன். துடைக்கப் போறவங்க கடைசியா இவரை எப்பத் திருப்பிப் போட்டாங்க?” ஆன்சியின் குரல் மாறியிருந்தது.

“அது காத்து மெத்தைங்க,” என்றார் லோகநாதன். “தானே ஏறி இறங்கும். திருப்ப வேண்டியதே இல்ல.”

ஆன்சி கட்டிலின் ஓரத்தில் கையை விட்டு மெத்தையை அழுத்தினாள். அது தட்டையாகக் கிடந்தது. காற்று எப்போதோ இறங்கிவிட்டிருந்தது. அவள் கையுறை மாட்டிக்கொண்டு, “அக்கா, தோள்பட்டையைப் பிடிங்க,” என்றாள்.

கனிஷ்கா பிடித்தாள். இருவரும் சேர்ந்து ஒருக்களித்தார்கள். விரிப்பு முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஆன்சி தண்ணீர் விட்டு மெல்லப் பிரித்தாள். நாற்றம் ஒரு ஆள் போல எழுந்து அறையில் நின்றது. இடுப்புக்குக் கீழே, உள்ளங்கை போகும் அளவுக்குக் குழி. ஓரமெல்லாம் கறுப்பு. நடுவில் வெள்ளையாக அரிசி சிதறியது போலக் கிடந்தது. அரிசி நெளிந்தது.

டிரெயினேஜ் எதுவும் அடைத்திருக்கவில்லை.

கனிஷ்கா தோளை விடவில்லை. வாய்க்குள் வந்ததை விழுங்கினாள். திரையைப் பார்த்தாள். *முதுகு* நின்றிருந்தது. அந்த இடத்தில், அவர் தோளைத் தாங்கிக்கொண்டிருக்கும் அவளுடைய கையைப் பற்றி ஒரு ஆபாச வாக்கியம் ஓடியது. அருவருப்பு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே அவளுக்குப் புரியவில்லை. புழுவிடமிருந்தா, திரையிலிருந்தா, வாசலில் சந்தனத்தோடு நின்று “இது எப்படிங்க ஆச்சு” என்று கேட்பவரிடமிருந்தா, தயிர் சாதம் என்று சொன்ன குரலிடமிருந்தா.

“டாக்டரைக் கூப்பிடுங்க சார்,” என்றாள் ஆன்சி. “இவரு பொண்ணையும். நீங்க கூப்பிடலைன்னா நான் கூப்பிடுவேன்.”

நாச்சிமுத்துவின் மகள் கோகிலா மதியத்துக்கு மேல் ஈரோட்டிலிருந்து வந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது. கைத்தறிச் சேலை, தோளில் பள்ளிக்கூடப் பை மாதிரி ஒரு பை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சாயங்காலம் சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அதுவரை சுத்தம் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆன்சி இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். கோகிலா கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு குழியைப் பார்த்தாள். திரையின் பக்கம் திரும்பவே இல்லை. வராந்தாவுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான்தான் மூடச் சொன்னேன்,” என்றாள், கனிஷ்கா கேட்பதற்கு முன்பே.

“தெரியும்ங்க.”

“உங்களுக்கு என்ன தெரியும்? நான் வேற சாதியில கட்டிக்கிட்டேன். அப்பா ஒரு வார்த்தை பேசலை. ஊரே ஆச்சரியப்பட்டுச்சு. கல்யாணத்துக்கு வந்தாரு, சம்பந்தியைக் கட்டிப் பிடிச்சாரு, என் வீட்டுக்காரருக்குக் கையில கடிகாரம் கட்டிவிட்டாரு. தங்கமான மனுசன்னு இன்னைக்கும் என் மாமியார் சொல்லுவாங்க. அப்புறம் இவரு விழுந்தாரு. உங்க மெஷினை மாட்டினாங்க.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “என் பேத்தி அப்பத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிருந்தா. எதைப் பாத்தாலும் சத்தமாப் படிப்பா. கடைப் போர்டு, பஸ்ஸு பேரு, மருந்து டப்பா. இங்க வந்தப்பவும் படிச்சா. அவ தாத்தனைப் பத்தி, என் வீட்டுக்காரரைத்தான், சாதியைச் சொல்லி, அந்த ரத்தம் ஓடற இவளையும் சேத்து. ஒவ்வொரு எழுத்தா, விரலை வெச்சுப் படிச்சு முடிச்சுட்டு, நான் தப்பில்லாமப் படிச்சேனா அம்மாச்சின்னு என்னைக் கேட்டா.”

கனிஷ்கா அவள் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்தாள். கோகிலா குரலைத் தாழ்த்தினாள்.

“மெஷின் தப்பா எழுதுமா? உண்மையைச் சொல்லுங்க. உங்க ஆபீஸ்ல கேட்டா ஆளுக்கொண்ணு சொல்றாங்க.”

“தப்பா எழுதாதுங்க. ஆனா சரியாவும் எழுதாது.” கனிஷ்கா சொற்களைத் தேடினாள். “நமக்கெல்லாம் மனசுல ஆயிரம் ஓடும். அதுல பாதிக்கு மேல வாய்க்குள்ளயே அடக்கிடறோம். பஸ்ஸுல காலை மிதிச்சவனைக் கொன்னுடலாமான்னுகூடத் தோணும், சொல்றோமா? இதுக்கு அடக்கறதுக்கும் சொல்றதுக்கும் வித்தியாசம் தெரியாது. ஓடினதையெல்லாம் எழுதிடும். உங்கப்பாவுக்கு உதடு இல்லீங்க. அதான் கோளாறு.”

கோகிலா அவளை முதல்முறையாக நேராகப் பார்த்தாள். “அப்ப அதையெல்லாம் எங்கிட்டச் சொல்லணும்னு அவர் நினைக்காமக்கூட இருந்திருக்கலாம்?”

“இருந்திருக்கலாம்.”

கோகிலாவின் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. அவள் அதற்காகவே காத்திருந்தது போல இருந்தது.

இருவரும் உள்ளே வந்தார்கள். கனிஷ்கா நாச்சிமுத்துவின் கண்களைப் பார்த்தாள். பக்கவாட்டில் அவை அவ்வளவாக அசையவில்லை. மேலும் கீழும் நன்றாகப் போய்வந்தன. உட்கார்ந்தாள். பையிலிருந்த சின்னக் கேமராவைப் பெட்டியில் சொருகி, மானிட்டரின் மேல் மாட்டி அவர் கண்களின் பக்கம் திருப்பினாள். மானிட்டர் வாசலைத் திறக்கவும் மூடவும் லினக்ஸில் ஒற்றைக் கட்டளை போதும். யாரோ இவர் வாயைக் கட்டிவைக்கப் பயன்படுத்திய அதே கதவு. அதன் தாழ்ப்பாளை இவர் கண்ணில் மாட்டிவிடலாம். இதை ஒருமுறை அலுவலகக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறாள். நோயாளி பேச விரும்பாத நேரம் என்று ஒன்று உண்டா என்று சிரித்தார்கள்.

சின்ன நிரல்தான். எழுதி முடிப்பதற்குள் சுதர்சன் இருமுறை ஃபோன் செய்தார். இரண்டாவது முறை எடுத்தாள்.

“என்ன கனி, கிளம்பிட்டியா? பாகம் வரணும்னு சொன்னியா?”

“வந்துடுச்சு சார். மாட்டிட்டிருக்கேன்,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிறகு கட்டிலின் அருகே போய், வசவு ஓடிக்கொண்டிருக்கும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

“ஐயா, கேளுங்க. இனிமே திரை உங்க கையில. கண்ணைக் கீழே போட்டா மூடிக்கும். நீங்க என்ன நினைச்சாலும் ஒருத்தருக்கும் தெரியாது. யாருக்காவது சொல்லணும்னா மட்டும் கண்ணை மேலே தூக்குங்க, திறக்கும். புரிஞ்சுதா?”

கண்கள் கீழே இறங்கின. திரை கறுத்தது. ஆன்சி இடுக்கியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

நெடுநேரம் அப்படியே கிடந்தார். மூச்சுக்கு மூச்சு மார்பு ஏறி இறங்கியது. ஒரு கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குப் போனது. விழுந்த நாளிலிருந்து இன்றுதான் அவர் முதல்முறையாகத் தன் விருப்பப்படி தனியாக இருக்கிறார் என்று கனிஷ்கா நினைத்தாள். காலையிலிருந்து அவர்மேல் இருந்த அருவருப்பு கொஞ்சம் குறைந்தது. கோகிலா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து தகப்பனின் பஞ்சு போன்ற கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அப்பா,” என்றாள். “நான் கோகிலாப்பா. தெரியாமப் பண்ணிட்டேன். முதுகுல இப்படின்னு தெரியாதுப்பா.”

நாச்சிமுத்துவின் கண்கள் மகளைப் பார்த்தன. முகத்தை நன்றாகப் பார்த்தன. பிறகு நிதானமாக, அவசரமே இல்லாமல், மேலே ஏறின.

திரை எரிந்தது. ஒரே ஒரு வாக்கியம். மகளையும் மருமகனையும் அந்தக் குழந்தையையும் மூன்றே சொற்களில் அடக்கிய வாக்கியம். முன்பு ஓடியவற்றில் இருந்த குழப்பம் இதில் இல்லை. எழுத்துப் பிழைகூட இல்லை. அவர் அதை அவள் படித்து முடிக்கும்வரை அப்படியே மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைக் கீழே போட்டு மூடிக்கொண்டார்.

ஆன்சி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். கனிஷ்காவுக்குக் காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த வாந்தி வந்தே விட்டது. கழுவும் தொட்டிக்கு ஓடினாள். வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்பியபோது கோகிலா இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். தகப்பனின் கையை மடியிலிருந்து எடுத்து, கீழே விழாமல், மெத்தையின் மேல் ஒழுங்காக வைத்தாள்.

“மன்னிச்சிருங்க,” என்றாள் கனிஷ்கா. “நான் வேற மாதிரி நினைச்சேன்.”

“நல்லதுதாங்க பண்ணினீங்க.” கோகிலாவின் குரலில் அழுகை இல்லை. “அப்பாவுக்கு வாய் கட்டுப்படலை, பாவம், உள்ளுக்குள்ள என்ன வேதனைப்படறாரோன்னு தினமும் அழுதிட்டிருந்தேன். இனி அழ வேண்டியதில்லை.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்ற லோகநாதன் வழிவிட்டு, “அப்ப திரையைப் பழையபடி மூடிடச் சொல்லட்டுங்களா?” என்று கேட்டார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மூடினீங்கன்னா நானே கலெக்டர் ஆபீசுக்குப் போவேன். ஆம்புலன்ஸ்லயும் அந்தப் பெட்டி, திரை எல்லாம் கூடவே போகணும். திரும்பி வந்தப்புறமும் அது அங்கயேதான் இருக்கணும். அவரு திட்டட்டும். என்னைத் திட்டட்டும், என் பேத்தியைத் திட்டட்டும்.” ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டாள். “என்னைக்காவது திட்டறது நின்னுச்சுன்னா, உடனே திருப்பிப் போட்டு முதுகைப் பாருங்க.”

அவள் படி இறங்கிப் போனாள். கனிஷ்கா லேப்டாப்பையும் கேபிளையும் சுருட்டி எடுத்துக்கொண்டு, துப்பட்டாவை மூக்கில் இறுக்கிக் கட்டி, பக்கத்து அறையின் கதவைத் தள்ளினாள்.